எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளி உண்மையிலேயே மோசமா, அல்லது அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோமா?

வரப்புமேடு | மார்ச் 8, காலை 7.10

டெல்டாவில் ஒரு சிறிய பேரூராட்சி எங்களுடையது. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் மாலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மகளுக்கு வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 43 பிள்ளைகள், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். பிரதான சாலையில் இரண்டு நர்சரி பள்ளிகள். அவற்றின் வேன் வாசலுக்கே வருகிறது.

"அங்கே படிப்பே கிடையாது" என்று மாமியார் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் அவர்கள் வாக்குப்போட மட்டும்தான் போயிருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு என்றால் தேர்ச்சி விழுக்காடு செய்தித்தாளில் வரும். தொடக்கப்பள்ளிக்கு அப்படி எதுவும் இல்லை. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திரும்பப் பெற்றது நல்லதுதான். ஆனால் ஒரு தாய் எதை வைத்து முடிவுசெய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

மஞ்சள்பை | மார்ச் 8, காலை 7.25

வேனில் ஏற்றிவிடுங்கள் சகோதரி. பெற்ற பிள்ளையை வைத்துப் பரிசோதனை எதற்கு?

பழையசிலேட்டு | மார்ச் 8, காலை 9.40

ஒன்றியப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் துறையின் சோற்றைத் தின்றவன் என்பதால் சார்பு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பள்ளிக்குப் போங்கள் அம்மா. சுவர் ஓவியத்தையும் திறன் பலகையையும் பார்க்காதீர்கள். இப்போது அவை எல்லா இடத்திலும் வந்துவிட்டன. நேரே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். மார்ச் மாதத்தில் அது அவர்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். ஏதாவது ஒரு சிறுவர் இதழிலிருந்து, அவர்கள் கண்ணால் பார்த்தேயிராத ஒரு பத்தியைக் கொடுங்கள். பிறகு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இடமதிப்பு புரிந்திருக்கிறது என்று பொருள். இந்த இரண்டும் மூன்றாம் வகுப்பில் வந்துவிட்டால் மீதியைப் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும். வராவிட்டால், எட்டாம் வகுப்பு வரை நாம் தேர்ச்சி போட்டு அனுப்புவோம், அவ்வளவுதான்.

அடுத்து ஆசிரியரிடம் ஒரு கேள்வி. "மூன்றாம் வகுப்பில் அரும்பில் எத்தனை பேர்?" எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் அவர்கள் இருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்து நடத்துகிறார்கள். எழுத்திலேயே இன்னும் நிற்பவர்கள், சொல்லைப் படிக்க வராதவர்கள் அரும்பு. இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லி, அந்தப் பிள்ளைகளின் பெயரையும் சொல்கிற ஆசிரியரை நம்புங்கள். "எல்லாரும் மலர்தான் மேடம்" என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கடைசியாக, இதுதான் முக்கியம்: தலைமையாசிரியர் வெளியே போகும் நாளில் பள்ளியை யார் நடத்துகிறார்கள்? வட்டாரக் கல்வி அலுவலகம், வட்டார வள மையத்தில் பயிற்சி, வங்கி, கூட்டம் என்று அவரை இழுக்க ஆயிரம் இடங்கள் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் அவர் போய்விட்டால் மீதம் இருப்பது ஓராசிரியர் பள்ளி.

எண்சுவடி | மார்ச் 8, பகல் 12.05

ஐயா சொன்ன சோதனை ஏறக்குறைய, நாடெங்கும் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பைச் சோதிக்கும் அசர் ஆய்வின் சோதனைதான். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துச் சோதிப்பதில்லை. மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்று எடுத்து, வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளையைப் படிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புப் பத்தி என்று நான்கு படி.

தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளின் எண்கள் இவை. இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8. ஐந்தாம் வகுப்பில் 2018இல் 40.7, 2022இல் 25.2. இந்திய அளவில் மூன்றாம் வகுப்புக்கு இதே எண் 27.3இலிருந்து 20.5 ஆனது. ஆக, பெருந்தொற்றுக்கு முன்பே நாம் பின்னால்தான் இருந்தோம்.

ஒன்றைக் கவனியுங்கள். இவை அரசு, தனியார் இரண்டும் சேர்ந்த எண்கள். "அரசுப் பள்ளி மோசம்" என்பதற்கு இவற்றைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், அதே எண்ணுக்குள் வேனில் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மஞ்சள்பை | மார்ச் 8, பகல் 12.20

நூற்றில் ஐந்து பேர்தான் படிக்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

எண்சுவடி | மார்ச் 8, பகல் 12.31

கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு வாருங்கள்.

சுண்ணக்கட்டி | மார்ச் 8, இரவு 9.15

நான் இடைநிலை ஆசிரியை. இப்போதும் பணியில் இருக்கிறேன், ஈராசிரியர் பள்ளியில்தான். பகலில் இதைப் படித்தேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், பதிவேற்றங்களை முடித்து, சமைத்துச் சாப்பிட்டபின் எழுதுகிறேன்.

2022இன் எண்களைச் சொன்னவர் ஒரு தேதியையும் சொல்லியிருக்கலாம். தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை பள்ளியை முதன்முதலாகப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. 2022இல் அசர் சோதித்தது அந்தத் தலைமுறையைத்தான். மாலையில் தன்னார்வலர்கள் தெருவிலேயே சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வி வந்தது, பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. இரண்டுமே அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்தவை.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். என் அறையில் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை, அதிலும் தமிழ் வழி ஒரு பாதி, ஆங்கில வழி ஒரு பாதி. 2012-13இல் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியபோது அதற்கென்று தனி ஆசிரியர் வரவில்லை. பலகையில் ஒரு கோடு மட்டும் வந்தது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். அரும்புப் பிள்ளையின் கையைப் பிடித்து 'கூ'வுக்குச் சுழி போடச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மலர்ப் பிள்ளை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்கும். திட்டத்தில் தவறில்லை. இதற்கு முன்பிருந்த செயல்வழிக் கற்றல் திட்டத்தின் அட்டைகளையும் நான் பார்த்திருக்கிறேன், இதையும் பார்க்கிறேன். இரண்டுமே பிள்ளையைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டவை. ஆனால் இரண்டையும் எழுதியவர்கள் மனத்தில் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்திருக்கிறார்.

இதற்கு நடுவில் வருகைப் பதிவு செயலியில், காலை உணவு செயலியில், மதிப்பீடு செயலியில். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது; கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றை விலக்கி வைத்திருக்கிறது. அந்த விலக்குக்குள் ஆண்டின் எத்தனை நாள்கள் போகின்றன என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

எங்களில் வேலை செய்யாதவர்கள் இல்லையா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். இருக்கிறார்கள். இருக்கும் இருவரில் ஒருவர் அப்படிப்பட்டவர் என்றால் பாதிப் பள்ளி படுத்துவிடும். பெரிய பள்ளியில் அது வெளியே தெரியாது.

நித்தியகல்யாணி | மார்ச் 9, காலை 6.50

இங்கே எல்லாரும் வேன் பெற்றோரை ஏதோ பகட்டுக்காரர்கள் மாதிரிப் பேசுகிறீர்கள். நானும் வேன் பெற்றோர்தான், வேறு ஊரில். என் கதையைக் கேளுங்கள்.

துணிக்கடையில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டு ஆகும். மகனுக்கு மூன்று வயதானபோது அவனை எங்கே விடுவது? அங்கன்வாடி உண்டு, ஆனால் மாலை வரை இல்லை. நர்சரிக்காரர் எல்கேஜியில் எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டு அங்கே பழகிய பிள்ளையை, கூட்டாளிகளை விட்டுப் பிரித்து, ஐந்து வயதில் கொண்டுபோய் ஒன்றியப் பள்ளியில் சேர்ப்பேனா? ஒன்றாம் வகுப்பு எங்கே என்ற முடிவு மூன்று வயதிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அரசு அந்த வயதில் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஐந்து வயதில் வந்து "ஏன் வரவில்லை" என்று பேரணி நடத்துகிறது.

இன்னொன்று. அவன் பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர் உண்டு. சம்பளம் மிகக் குறைவு, பயிற்சி பெற்றவர்களா என்றும் தெரியாது. ஆனால் நாள் முழுக்க ஒரு பெரியவர் அந்த அறையில் நிற்கிறார். சுண்ணக்கட்டி டீச்சர் எழுதியதைப் படித்தபின் என் முடிவு சரி என்றுதான் தோன்றியது. அவர் மீது குறை சொல்லவில்லை.

மகன் ஆங்கிலக் கூட்டெழுத்து அழகாக எழுதுவான். தமிழ்ச் செய்தித்தாளின் தலைப்பைப் படிக்கத் திணறுகிறான். அதையும் மறைக்கவில்லை.

பழையசிலேட்டு | மார்ச் 9, காலை 8.30

நித்தியகல்யாணி அம்மா சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான காரணம். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022 கோடையில் நிறுத்துவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக் கிளம்பி, மீண்டும் தொடர்ந்தது. ஆனால் தொடக்கப்பள்ளி மட்டும் உள்ள ஊர்களுக்கு அது வரவில்லை. நான் பணியில் இருந்த காலத்தில் ஏப்ரல் மாதம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்டிருக்கிறேன். "சார், அவன் ஏற்கெனவே இரண்டு வருஷம் படித்துவிட்டானே" என்பார்கள். என்ன பதில் சொல்ல முடியும்?

கோடைமேகம் | மார்ச் 9, காலை 10.02

எல்லாம் சரி. அரசு ஆசிரியர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்தில் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப்பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. அது போல் இங்கேயும் வந்தால் ஒரே ஆண்டில் எல்லாம் சீராகும்.

சுண்ணக்கட்டி | மார்ச் 9, இரவு 9.40

என் மகள் நான் வேலை செய்யும் பள்ளியிலேயே படித்தாள். இப்போது அரசு மேல்நிலைப் பள்ளி. எல்லா ஆசிரியர்களும் அப்படி இல்லை என்பது உண்மை, சுடுகிற உண்மை. அந்த உத்தரவு வந்தபின் உத்தரப் பிரதேசப் பள்ளிகள் சீராகிவிட்டனவா என்பதையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

தெற்குத்தெரு | மார்ச் 9, இரவு 10.20

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பள்ளி உண்டு. நான் படிக்கும்போது எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். பிறகு வேன் வந்தது. முதலில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் போனார்கள், அடுத்து கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பிறகு கொஞ்சம் கையில் காசு புரண்டவர்கள். இப்போது அங்கே இருப்பவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகளும், செங்கல் சூளைக்குப் போய் வருகிறவர்களின் பிள்ளைகளும்தான். ஆசிரியர் அதே ஆசிரியர், கட்டடம் முன்பைவிட நல்ல கட்டடம், சாப்பாடு இரண்டு வேளை. ஆனால் ஊர் வாயில் மட்டும் அது "படிப்பு இல்லாத பள்ளி" ஆகிவிட்டது.

வரப்புமேடு, உங்கள் மாமியாரும் மருந்துக்கடைக்காரரும் உள்ளே போகாமலே தீர்ப்புச் சொல்கிறார்களே, அவர்கள் பார்ப்பது பள்ளி வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதைத்தான். அதைப் பார்க்க உள்ளே போக வேண்டியதில்லை.

மஞ்சள்பை | மார்ச் 9, இரவு 10.34

எதற்கெடுத்தாலும் சாதியா? எங்கள் வேனில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும்தான் போகிறார்கள்.

தெற்குத்தெரு | மார்ச் 9, இரவு 10.41

காசு கட்ட முடிந்த எல்லாச் சாதிப் பிள்ளைகளும். அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர் | மார்ச் 9, இரவு 11.15

இதற்குப் பிறகு வந்த ஆறு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. பள்ளியைப் பற்றிப் பேசுங்கள். ஒருவர் ஒருவரின் ஊரையும் தெருவையும் விட்டுவிடுங்கள்.

அடுப்படி | மார்ச் 10, பகல் 2.10

வணக்கம். நான் மகளிர் குழுவில் இருந்து காலை உணவு சமைக்கிறேன். என் மகனும் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சமைக்கிறவரின் பிள்ளை அங்கேயே படிக்க வேண்டும் என்றுதான் எங்களை எடுத்தார்கள். அதனால் உப்புக் குறைந்தால் வீட்டில் எனக்கே திட்டு விழும்.

திட்டம் 2023 ஆகஸ்டு 25ஆம் தேதி எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பு பிள்ளைகள் ஒன்பதே காலுக்கும் ஒன்பதரைக்கும் ஒவ்வொருவராக வருவார்கள். இப்போது எட்டே காலுக்கே வாசலில் நிற்கிறார்கள். திங்கட்கிழமை வராத பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். படிப்பில் என்ன மாற்றம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பதினொரு மணிக்குத் தலையைச் சாய்த்துத் தூங்குகிற பிள்ளைகள் இப்போது இல்லை என்று டீச்சர் சொன்னார்.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். மாதம் ஒரு கூட்டம். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேராவது பெண்கள், தலைவரும் பிள்ளையின் தாய்தான் என்று விதி நல்ல விதி. ஆனால் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால் கையெழுத்து வீட்டுக்கே வரும், போட்டுக் கொடுப்போம். இப்போது நாலைந்து பேர் உட்கார்ந்து பேசத் தொடங்கியிருக்கிறோம். கழிவறைக்குத் தண்ணீர் வந்தது அப்படிப் பேசித்தான்.

எண்சுவடி | மார்ச் 10, மாலை 4.48

இல்லம் தேடிக் கல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பெரிய இழப்பு. கணக்கில் மொழியைவிடக் கூடுதல். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், 2022 மே மாதத்துக்குள், அந்த இழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீட்சியில் கால் பங்கு அளவுக்கு மாலைநேரத் தன்னார்வலர்களின் பங்கு என்று கணக்கிட்டார்கள். அந்தத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள், மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய்.

ஆக, அரும்பில் நிற்கும் பிள்ளையோடு தினமும் ஒரு மணி நேரம் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் அது நகர்கிறது.

வரப்புமேடு | மார்ச் 12, இரவு 8.30

போய் வந்தேன். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கினேன். அவர் தயங்கவில்லை, "எங்கள் ஊரில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை" என்றார்.

மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர், அன்று வந்தது எட்டு. பழைய சிறுவர் இதழ் ஒன்றிலிருந்து ஒரு பத்தி கொடுத்தேன். மூன்று பேர் தடையில்லாமல் படித்தார்கள். மூன்று பேர் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். 'திருவிழாவுக்குப்' என்ற சொல்லில் மூவருமே ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்கள். இருவருக்கு எழுத்து தெரிகிறது, சொல்லாகச் சேரவில்லை. கழித்தலை ஐந்து பேர் சரியாகப் போட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் பத்துப் பேரில் ஏழு பேர் நன்றாகவே படித்தார்கள். ஒரு பெண் படித்து முடித்துவிட்டு, கதை பாதியில் நிற்கிறதே, மீதிப் பக்கம் எங்கே என்று கேட்டாள். என்னிடம் இல்லை.

அரும்பு கேள்வியைக் கேட்டேன். "மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர்" என்று உடனே பெயரோடு சொன்னார். நான் கண்டுபிடித்த அதே இருவர். ஒருவன் குடும்பம் சென்ற ஆண்டு தை மாதம் சூளைக்குப் போய் ஆடியில் திரும்பியதாம். அடுத்தவளுக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லி இரண்டு முறை வீட்டுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்.

நான் அங்கே இருந்த இரண்டு மணி நேரத்தில் உதவி ஆசிரியை ஒருவரே. தலைமையாசிரியர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார், அதாவது நான்கும் ஐந்தும் அந்த நேரத்தில் தாமாகவே எழுதிக்கொண்டிருந்தன. பள்ளியின் சிக்கல் என் கண்ணெதிரே நடந்தது, அதற்குக் காரணமே நான்தான்.

நர்சரி ஒன்றிலும் இதே சோதனைக்கு அனுமதி கேட்டேன். தேர்வு நேரம் என்று சொல்லிக் கட்டணச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுப் பெண் அங்கே மூன்றாம் வகுப்பு. அவளிடம் அதே பத்தியைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டினாள். கழித்தல் சரி.

கோடைமேகம் | மார்ச் 12, இரவு 8.52

பார்த்தீர்களா, அரசுப் பள்ளிதான் மேல்!

எண்சுவடி | மார்ச் 12, இரவு 9.05

ஒரு பிள்ளையை வைத்து ஒரு நர்சரியை எடைபோடாதீர்கள். எட்டுப் பேரை வைத்து விழுக்காடும் போட முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: மூன்றாம் வகுப்பில் எட்டில் மூன்று, ஐந்தாம் வகுப்பில் பத்துக்கு ஏழு. காசு சேர்ந்ததும் நடுவில் வேனுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் கொஞ்சம் கைதூக்கிவிட ஆள் உள்ள பிள்ளைகள். அவர்கள் போனபின்பும் ஐந்தாம் வகுப்பில் ஏழு பேர் படிக்கிறார்கள் என்றால் அந்தப் பள்ளி வேலை செய்கிறது, மெதுவாக.

பழையசிலேட்டு | மார்ச் 13, காலை 6.15

பெயரைச் சொன்னார் அல்லவா, அது போதும் எனக்கு. அந்தத் தலைமையாசிரியரை விட்டுவிடாதீர்கள்.

குறை ஆள்பலத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1ஆம் தேதி நிலவரப்படிதான் பணியாளர் நிர்ணயம், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு. 43 என்றீர்கள். இன்னும் 18 பிள்ளைகள் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியர் கேட்க உரிமை வந்துவிடும். கூடுதல் ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து மாற்றும் பணிநிரவலில் யாராவது வருவார்கள்.

எண்சுவடி | மார்ச் 13, காலை 7.20

ஐயா, ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பத்துப் பேர் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். மீதி 33. 61 ஆக வேண்டும் என்றால் புதிதாக 28 பேர் வேண்டும்.

வரப்புமேடு | மார்ச் 13, பகல் 1.40

அங்கன்வாடியில் கேட்டேன். ஜூலைக்குள் ஐந்து வயது முடிப்பவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் நர்சரியில் முன்பணம் கட்டிவிட்டார்கள். மீதி நான்கு. என் மகளோடு ஐந்து.

மஞ்சள்பை | மார்ச் 13, பகல் 1.58

அப்படியானால் அடுத்த ஆண்டு 38. இன்னும் நாலைந்து ஆண்டில் பூட்டு. இதற்குத்தான் முதலிலேயே சொன்னேன்.

தெற்குத்தெரு | மார்ச் 13, பகல் 2.15

நீங்கள் சொன்னபடி எல்லாரும் கேட்டதால்தான் 38.

பழையசிலேட்டு | மார்ச் 13, மாலை 5.30

எண்சுவடி சொன்ன கணக்கு சரி. 61 இந்த ஆண்டு நடக்காது. ஆனால் வேறு வழி இல்லாமல் இல்லை. அதே ஒன்றியத்தில் கூடுதல் ஆசிரியர் இருக்கும் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாளாவது அனுப்ப வட்டாரக் கல்வி அலுவலருக்கு வழி உண்டு. கேட்பவர் தலைமையாசிரியராக இருந்தால் கோப்பில் தூங்கும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகப் போனால் பதில் எழுத வேண்டியிருக்கும்.

நித்தியகல்யாணி | மார்ச் 13, இரவு 8.45

வரப்புமேடு, நீங்கள் வேலைக்குப் போகிறவரா? பள்ளி விடுவது நாலு பத்துக்கு. அதன் பிறகு யார் பார்ப்பார்கள்? என்னை மாதிரி ஆட்களுக்கு மூன்றாவது ஆசிரியரைவிட அந்தக் கேள்விதான் பெரியது.

வரப்புமேடு | மார்ச் 13, இரவு 9.10

நான் வீட்டில்தான் தையல். அதனால் எனக்கு அது சிக்கல் இல்லை. உங்கள் ஊரில் இல்லம் தேடிக் கல்வி மையம் இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. நாலு பத்திலிருந்து ஐந்து வரை என்ன செய்வது என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை.

விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன். மாமியார் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சேர்த்தபின் ஜூலை மாதக் கூட்டத்திலேயே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரப் பார்க்கிறேன். எப்படி எழுதினால் அலுவலகத்தில் மதிப்பார்கள்?

அடுப்படி | மார்ச் 13, இரவு 9.25

தலைவரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள் அக்கா. கூட்டத்தில் திடீரென்று எடுத்தால் பயந்துவிடுவார்.

சுண்ணக்கட்டி | மார்ச் 13, இரவு 10.05

"கூடுதல் ஆசிரியர் தேவை" என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லாப் பள்ளியிலிருந்தும் அந்த வரி போகிறது. சென்ற கல்வியாண்டில் எந்தெந்தத் தேதியில் பள்ளியில் ஒரே ஆசிரியர் இருந்தார், இன்னொருவர் எந்தப் பணிக்காக வெளியே அனுப்பப்பட்டார் என்று ஒரு பட்டியல் இணையுங்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டிலும், வெளியே போவதைக் குறிக்கும் இயக்கப் பதிவேட்டிலும் எல்லாம் இருக்கும். கூட்டம், பயிற்சி, தேர்தல் பணி என்று காரணத்தையும் எழுதுங்கள். அனுப்பியது அவர்கள்தான் என்பது அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

வரப்புமேடு | மார்ச் 13, இரவு 10.12

தலைமையாசிரியர் அந்தப் பதிவேட்டைக் காட்டுவாரா டீச்சர்? அவருக்குச் சங்கடம் வராதா?

சுண்ணக்கட்டி | மார்ச் 13, இரவு 10.20

பெற்றோர் கேட்டதாகக் கூட்டக் குறிப்பில் முதலில் பதிந்துவிடுங்கள், பிறகு காட்டுவார். அவராக அதை எழுதி அனுப்ப முடியாது. நீங்கள் கேட்டால் மறுக்கவும் மாட்டார்.